பின்வளவுக்கு வரும் வசந்தம்

வகுப்பறையில் இஸ்லாமிய மாதங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் பொருளை விளக்கிக்கொண்டிருந்தேன். ரபீஉல் அவ்வல் என்பதில் உள்ள 'ரபீஃ' என்ற அரபுச் சொல்லுக்கு வசந்தம் என்று பொருள். அரபிகள் அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்கு வசந்தத்தின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சந்திர வருடம் சூரிய வருடத்தைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. அதனால் அந்த மாதங்கள் இன்று எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகின்றன. பெயர் மட்டும் வசந்தத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், நம்மட நாட்டுல வசந்தம் எப்ப வரும்?"

நான் பாடப்புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னேன். நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்து வருவது பூமத்திய கோட்டிலிருந்து தூரத்தில் உள்ள நாடுகளில்தான். நமக்கு மாரியும் கோடையும் மட்டுமே என்றேன். அவள் "சரி சேர்" என்று அமர்ந்துகொண்டாள். முகத்தில் மட்டும் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் பின்விறாந்தையில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"மகன், கிணத்தடிக்குப் போய் அந்த முருங்கையப் பாருங்க. அது ஆருக்காகப் பூத்து நிக்கிது?"

போய்ப் பார்த்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன், தான் பிறந்து வளர்ந்த வளவை அன்றுதான் பார்த்தான்.

மாரிக்கும் கச்சானுக்கும் இடையில்

எங்களது ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ளது. இப்பக்கத்தில் ஒக்டோபர் கடைசியில் தொடங்கும் மழை ஜனவரி வரை பெய்யும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வேளாண்மை அறுவடையாகும். மே மாதமளவில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். அது வீசினால் இலை கருகும், மண் பொடியாகும், உதடும் வெடிக்கும். மாரி ஓய்ந்து கச்சான் தொடங்கும் வரையுள்ள இந்த மூன்று மாதங்கள்தான் எமது வசந்தம். அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மழை நீரைக் குடித்துத் தேங்கிய மண், வெயில் ஏறியதும் பூக்களாகத் திருப்பித் தருகிறது. முருங்கை கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கிறது. மாமரம் பூங்கொத்து விட்டு, அதன் வாசனை குசினி வரை வருகிறது. வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை, நாம் கிளிசீரியா என்று சொல்லும் அந்த மரம், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மெல்லிய ரோசா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. இன்று எமது வேலிக்கு அதைவிட உறவான மரமில்லை. முள்முருக்கு செக்கச் சிவந்து நிற்கும்போது மைனாவும் காகமும்கூட அதில் தேன் குடிக்க வரிசையில் நிற்கின்றன.

பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் மருதோன்றிச் செடி கட்டாயம் இருக்கும். பெருநாளைக்கு இலை பறிக்கும் நாம் அதன் பூவை எத்தனை முறை கவனித்திருக்கிறோம்? கடுகளவு மொட்டுகள் விரிந்து, பாலாடை நிறத்தில் சிறு சிறு பூக்களாகக் குலுங்கும். மஃரிபுக்குப் பின் அந்தச் செடியின் பக்கம் சென்று பாருங்கள். கடையில் வாங்கும் எந்த அத்தரும் அந்த வாசனைக்கு ஈடாகாது.

கொடிக்கயிற்றில் ஒரு குடும்பம்

உடுப்புக் காயப்போடும் கம்பியின் ஓரத்தில் ஒருநாள் குப்பை போல ஏதோ தொங்கியது. மனைவி அதைப் பிடுங்கியெறியக் கையை நீட்டினார். "பிள்ள, அதத் தொடாதிங்க. அது தேன்சிட்டுட வீடு" என்று விறாந்தையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

உண்மைதான். ஊதாப்பிட்டித் தேன்சிட்டு என்ற பெருவிரலளவு பறவை. ஆணுக்குத் தொண்டையும் பிட்டியும் மின்னும் செந்நீலம், வயிறு மஞ்சள். பெண் மங்கிய நிறம். கூடு கட்டுவது பெண்தான். ஆண் பின்னால் பறந்து திரிந்து பாட்டுப் பாடுவதோடு சரி! இதைக் கேட்ட மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சிலந்தி வலை நூலால் நார்களைச் சேர்த்து, ஒரு பை போலப் பின்னி, வெளிப்புறத்தில் காய்ந்த பட்டைத் துண்டுகளையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டிவிடுகிறது. வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரமும் உண்டு. மழையும் வெயிலும் உள்ளே போகாது. தூரத்திலிருந்து பார்க்கும் காகத்துக்கு அது குப்பையாகவே தெரியும். மனிதர் நடமாடும் இடத்தில் கட்டினால் பெரிய பறவைகள் வராது என்ற துணிவில் போலும், எமது தலைக்கு ஒரு முழம் மேலே அது குடியேறிவிட்டது.

உம்மா நாட்களை எண்ணினார். இரண்டு முட்டை. தாய் அடைகாத்தது பதினைந்து நாட்கள். குஞ்சு பொரித்த பின் கூட்டிலிருந்து பறக்க இன்னும் பதினேழு நாட்கள். ஏறத்தாழ ஐந்து வாரம் மனைவி அந்தக் கம்பியில் உடுப்புப் போடவில்லை. வேறு கயிறு கட்டிக்கொண்டார். குஞ்சு பொரித்த பிறகு தகப்பனுக்கும் பொறுப்பு வந்தது. இரண்டும் மாறி மாறிச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் கொண்டுவந்து ஊட்டின.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தேன் குடிக்கும் பறவையும் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. வளரும் உடலுக்கு அதுதான் உணவு. ஆகவே வளவில் பூச்சியே இருக்கக்கூடாது என்று மருந்தடிக்கும் வீட்டில், பூ எவ்வளவு இருந்தாலும் தேன்சிட்டு குடும்பம் நடத்த முடியாது.

தேசி மரத்துப் புழுக்கள்

அடுத்த வழக்கு தேசி மரத்தில் வந்தது. கிணற்றடித் தேசிக் கன்றின் இளம் இலைகளைப் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. கறிவேப்பிலையிலும் அதே புழு. இம்முறை மனைவி உறுதியாக இருந்தார். "குருவிக்குக் கயிறு விட்டுக் கொடுத்தன். புழுவுக்குக் கறிவேப்பிலையும் விடவா?" நியாயமான கேள்வி.

எனது இளைய மகள் ஒரு சமாதானம் செய்தாள். பெரிய புழுக்களில் இரண்டை மட்டும் ஜாம் போத்தலில் போட்டு, வாயை நெற் துணியால் கட்டி, நாள்தோறும் தேசி இலை வைத்தாள். மற்றவற்றை உம்மா ஈர்க்கினால் எடுத்து, மதிலோரம் தானாக முளைத்திருந்த காட்டுக் கறிவேப்பிலையில் விட்டார். மருந்துப் போத்தல் திறக்கப்படவில்லை.

இந்தப் புழு சின்னதாக இருக்கும்போது குருவியின் எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி தின்னப் போகிறது? வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவர் போன்ற ஒன்றை நீட்டும். ஒரு வாடையும் வரும். அதுதான் அதன் ஆயுதம். ஒருநாள் உண்பதை நிறுத்தி, ஈர்க்கில் நூல் கட்டிச் சாய்ந்துகொண்டு கூட்டுப்புழுவானது. சரியாகப் பன்னிரண்டாம் நாள் காலை, பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் மகள் கூவிய கூவலில் வீடே ஓடி வந்தது. போத்தலுக்குள் கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பின் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு, ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டு நின்றது.

இந்த இனத்தில் பெண் பூச்சிகள் சில, சிவப்புப் புள்ளிகளோடு வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போல இருக்கும். அந்த மற்றது உடம்பில் நச்சுள்ளது. குருவிகள் அதைத் தின்னா. அதன் சாயலை உடுத்திக்கொண்டு இது தப்பிப் பிழைக்கிறது. கிணற்றடிக் கறிவேப்பிலையில் இவ்வளவு நடக்கிறது. நாம் அதில் கறிக்குத் தாளிப்பதற்கான இலையை மட்டுமே கண்டிருக்கிறோம்.

அன்று மனைவி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் கறிவேப்பிலை ஒடிக்கும்போது மட்டும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒடித்ததைக் கண்டேன்.

பூத்தும் காய்க்காத பூசணி

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை கைக்கெட்டாமல் போனபோது, நாடு முழுவதும் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அரச ஊழியர்களுக்கு வீட்டில் பயிர்செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறையும் அவ்வருடம் ஜூனில் அறிவிக்கப்பட்டது. எமது பகுதியிலும் பல வீடுகளில் பூசணியும் பாகலும் பீர்க்கும் படர்ந்தன. ஆனால் "கொடி நிறையப் பூ, காய் ஒன்றுமில்லை" என்ற முறைப்பாடும் அன்று பரவலாகக் கேட்டது. பக்கத்து வளவு மச்சி ஒருவர் கண்ணூறு என்றுகூடச் சொன்னார்.

கண்ணூறு அல்ல. பூசணி வகைகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு ஒட்டியிருக்கும்; ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும். ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவுக்குப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கொண்டுபோய்ச் சேர்ப்பவை தேனீக்களும் வண்டுகளும் இராப்பூச்சிகளுமே. அந்த மச்சியின் வீட்டில் கத்தரிப் பூச்சிக்கென்று காலை நேரத்தில் மருந்தடித்திருந்தார்கள். கத்தரிப் பூச்சியோடு காலையில் வந்த தேனீக்களும் போய்விட்டன.

கொடிகள் பூக்கும் நேரத்தைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். பூசணி சுபஹ் வெளிச்சத்தில் விரிந்து, முற்பகலுக்குள் வாடிவிடும். பீர்க்கு அந்தி சாயும்போது மஞ்சளாக விரியும். புடோலோ இருட்டிய பின்தான் ஓரமெல்லாம் வெள்ளை நூல் தொங்கும் பூவை விரிக்கும். அதைத் தேடி வருபவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். ஒரே பந்தலில் மூன்று கொடி, மூன்று நேரம், மூன்று வகை விருந்தாளிகள்.

தேனீ வராத வளவில் நாமே அந்த வேலையைச் செய்யலாம். காலை ஏழு மணிக்கு முன் ஒரு பூசணி ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டை விரிந்த பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். மச்சி அப்படிச் செய்து பெற்ற பூசணியில் ஒரு பாதி எமது வீட்டுக்கும் வந்தது. ஆனால் நூறு பூவுக்கு நாம் செய்யும் வேலையைத் தேனீ கூலி கேட்காமல் செய்கிறது என்பதையும் அன்று அவரே சொன்னார். வீட்டு முகட்டுமரத்தைத் துளைக்கிறதென்று நாம் விரட்டும் பெரிய கருவண்டும் இந்த வேலைக்காரரில் ஒருவர்தான். கொடித்தோடைப் பூவின் மகரந்தத்தைக் கொண்டுசெல்ல அதன் உடலளவுதான் பொருத்தமானது. தேனீ, எறும்பு, சிலந்தி ஆகிய மூன்றின் பெயரிலும் குர்ஆனில் அத்தியாயங்கள் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவை எமது குசினிக்குப் பின்னால் என்ன செய்கின்றன என்பதைத்தான் அறியவில்லை.

வருவோரும் போவோரும்

இந்த மாதங்களில் வளவின் விருந்தாளிப் பட்டியலும் மாறுகிறது. ஒக்டோபரளவில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் ஆறுமணிக்குருவி, பல நிறங்களில் கோழிக்குஞ்சளவு இருக்கும் பறவை, மரத்தடியில் உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தேடும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைக் குரலில் விசில் போலக் கூப்பிடும். ஏப்ரலில் அது திரும்பிவிடும். உதிர்ந்த இலையை ஒன்றும் விடாமல் கூட்டி எரிக்கும் வளவில் அது இறங்காது.

அது போகும் காலத்தில் குயில் கூவத் தொடங்கும். சிங்கள அயலவர்கள் அதைக் 'கொஹா' என்பார்கள். அதன் குரலைப் புத்தாண்டின் கட்டியமாகக் கொள்வார்கள். கூவுவது கரிய ஆண். புள்ளி போட்ட மண்ணிறப் பெண் ஓசையின்றிக் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். குயிலுக்குச் சொந்த வீடு கிடையாது.

புலுனிகள் ஏழெட்டாகக் கூடிச் சருகு கிளறிச் சத்தம் போடும். ஓணானின் ஆண் இணைதேடும் காலத்தில் கழுத்துச் சிவக்கத் தலையாட்டும். அதைக் கண்டதும் கல்லெடுக்கும் பழக்கம் எமது சிறுவர்களுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதைப் போலவே தென்னம் பொந்தில் கிளிக்குஞ்சு எடுத்துக் கூட்டில் வளர்ப்பதும் பிள்ளை விளையாட்டு அல்ல. 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகும். சட்டத்துக்கு முன்பே, தாயைப் பிரிந்த குஞ்சின் கத்தல் நமக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

பயங்களும் உண்மையும்

"வளவை இப்படி விட்டால் பாம்பு வரும், நுளம்பு வரும்" என்பார்கள். இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 2017 இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக்கு ஆளானார்கள். ஆனால் டெங்கு நுளம்பு பூச்செடியில் பிறப்பதில்லை. சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், பூச்சாடியின் அடித்தட்டு, அடைபட்ட பீலி போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரிலேயே அது முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு வாரமளவு போதும். ஆகவே வாரத்தில் ஒருநாள் வளவைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். பறவைக்கு நீர் வைக்கும் சட்டியை நாள்தோறும் ஊற்றித் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வைக்க வேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் நீர் வைக்காமலிருப்பதே நல்லது.

பாம்பு குப்பைக்கும் எலிக்கும் வருகிறது, பூவுக்கு அல்ல. விறகு, உடைந்த ஓடு, கல் முதலியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். இரவில் வெளிச்சமின்றிக் கிணற்றடிக்குச் செல்லாதீர்கள். எலியைத் தின்று நமக்கு உதவும் சாரையை அடிக்க வேண்டியதில்லை. நாகமோ புடையனோ என்ற ஐயமிருந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பிடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். தீண்டிவிட்டால் கைமருத்துவத்தில் நேரம் போக்காமல் நேரே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மேசன் வந்த நாள்

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

மூத்த மகளின் கலியாணம் நிச்சயமானபோது, பின்வளவு முழுவதற்கும் சீமெந்து போடுவதென்று நான் முடிவு செய்தேன். பந்தல் போட வசதி, சஹன் வைத்துச் சாப்பிடப் பாய் விரிக்க வசதி, கூட்டுவதும் இலகு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் வளவுகள் துண்டு துண்டாகப் பிரிந்து, வீட்டோடு வீடு ஒட்டி நிற்கின்றன. எஞ்சிய துண்டு நிலத்தையும் சீமெந்தால் மூடுவது இன்று நாகரிகம். மேசன் வந்து அளவெடுத்து, முருங்கையையும் தேசியையும் தறிக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

உம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. கேட்டபோது சொன்னார்:

"வாப்பா மவுத்தாகி நான் இத்தா இருந்தது உங்களுக்கு ஞாபகமா, மகன்? நாலு மாசம் பத்து நாள். படலைக்கு வெளியால போகல்ல. வந்தவங்க எல்லாம் கொஞ்ச நாள்ல போயிட்டாங்க. நீங்களும் பள்ளிக்கூடம் போயிடுவீங்க. அப்ப எனக்கு இந்த வளவுதான் ஊரு. முருங்கை பூத்தது, குருவி கூடு வெச்சது, குஞ்சு பறந்தது, எல்லாத்தையும் ஒவ்வொரு நாளா எண்ணித்தான் நான் அந்த நாளக் கடத்தினன்."

நான் வாயடைத்துப் போனேன். வாப்பா மவுத்தானது ஜனவரி முதல் வாரம். இத்தா முடிந்தது மே நடுப்பகுதியில், கச்சான் வீசத் தொடங்கிய நாட்களில். நான் மாணவிக்கு இல்லையென்று சொன்ன அந்த வசந்தத்தை, ஒரு நாளும் தவறாமல் முழுவதுமாகப் பார்த்தவர் என் உம்மா. தேன்சிட்டு எத்தனை நாள் அடைகாக்கும், எந்தப் பூ எந்நேரம் விரியும் என்றெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்தே பறவையைச் சொல்கிறார். அந்தக் குரல்களைத்தான் நான் சீமெந்தால் மூடப் பார்த்தேன்.

இன்னொன்றையும் அவர் நினைவூட்டினார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இக்கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போயின. அவற்றை மீண்டும் இனிப்பாக்கியது பெரும்பாலும் மழைதான். மணலூடாக இறங்கிய மழைநீர் உப்பை மெல்ல மெல்லக் கழுவியது. எமது கிணறுகள் மணலில் தங்கி நிற்கும் மழைநீரையே தருகின்றன. வளவுகளையெல்லாம் சீமெந்தால் மூடிவிட்டால் மழை ஓடையில் விழுந்து கடலுக்குப் போகும். கிணற்றுக்கு என்ன வரும்?

காலையில் மேசனிடம் கதைத்தேன். குசினியிலிருந்து கிணற்றடி வரை மூன்றடி அகலத்தில் ஒரு நடைபாதை மட்டும் போட்டார். பாதிக் காசு மிஞ்சியது. கலியாணத்துக்கு மணலில் படங்கு விரித்து அதன்மேல் பாய் போட்டோம். யாரும் குறை சொல்லவில்லை. மருதோன்றியும் எமது வளவுச் செடியிலிருந்தே வந்தது.

ஒரு மூலையேனும்

சகோதரிகளே, பறவை பார்க்கக் குமண வரை வான் பிடித்துப் போவது நல்லதுதான். 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமான இடம் அது. ஆனால் குசினி யன்னலைத் திறந்தாலே பார்க்கக்கூடியதும் நிறைய உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. வளவு முழுவதையும் காடாக்கவும் தேவையில்லை. ஒரு மூலையை விட்டு வையுங்கள். அந்த மூலையில் சருகு கிடக்கட்டும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு செவ்வரத்தை போதும். மருந்தடித்தே ஆகவேண்டுமென்றால் பூ விரிந்திருக்கும் நேரத்தில், பூவின் மேல் அடிக்காதீர்கள். ஏப்ரலில் முதல் இரு வாரமளவில் சூரியன் எமது நாட்டுக்கு நேர் உச்சியில் வரும் நாட்களில், நிழலில் ஒரு சட்டி நீர் வையுங்கள். வளவே இல்லாத மாடி வீட்டில் இருப்போர் இரண்டு சாடியில் தேசியும் நித்தியகல்யாணியும் வைத்துப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி எப்படியோ தேடிக்கொண்டு வந்துவிடும்.

முக்கியமாக, வீட்டில் வயது முதிர்ந்த பெண்கள் இருந்தால், அவர்களின் கதிரையைத் தொலைக்காட்சியின் முன்னால் மட்டும் போடாதீர்கள். ஒரு நேரமாவது பின்விறாந்தையில் போடுங்கள்.

அடுத்த வாரம் அந்த வகுப்புக்குப் போனபோது, நான் சொன்ன பதில் அரைகுறையானது என்று மாணவிகளிடம் ஒப்புக்கொண்டேன். எமது வசந்தம் பெப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது, அது வீட்டுக்குப் பின்னால் வருகிறது என்றேன். ஒவ்வொருவரும் தத்தம் பின்வளவில் கண்டதை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன்.

கேள்வி கேட்ட அந்த மாணவியின் கொப்பியில் நான்கே வரிகள் இருந்தன. எங்களது வளவு சின்னது, முழுவதும் சீமெந்து, மதிலில் ஒரு வெடிப்பு உண்டு, அதில் ஒரு செடி முளைத்து இன்று மஞ்சளாக ஒரு பூப் பூத்திருக்கிறது, உம்மா அதைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

அதற்குத்தான் அன்று முழுப் புள்ளி கொடுத்தேன்.